பிள்ளைக்காம்பரா வாசலில் ஒரு வெள்ளைத் துணி

பயந்த சுபாவம் உள்ளவள் பிள்ளை பார்க்கிற வேலைக்கு வரலாமா என்று போன வாரம் உங்களில் ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டாள். புதிதாகச் சேர்ந்தவள். முதல் நாளே ஒரு குழந்தைக்கு விக்கல் எடுத்ததைப் பார்த்து இவளுக்குக் கைகால் உதறிவிட்டதாம். நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. எதற்காகச் சிரித்தேன் என்று அவளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தங்கச்சிகளா, என்னைவிடப் பயந்தவள் ஒருத்தி இந்த ஊவா மாகாணத்தில் இந்த வேலைக்கு வந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஸ்பிரிங்வெளிக்கு அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஆயம்மாவாக இருந்து ஓய்வு பெற்றேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். வீட்டில் எனக்குக் கீழே வரிசையாகப் பிறந்ததுகளைத் தூக்கி வளர்த்ததுதான் என் படிப்பு. குழந்தை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். விரல் பட்டு அது விழித்து அழும். அழுதால் வயிற்றுவலியோ என்று பயம். அழுகையை நிறுத்தினால் ஏன் நிறுத்தியது என்று பயம். அடைமழை பெய்தால் கூரை, வெயில் அடித்தால் பாம்பு.

தோட்டத்து டிஸ்பென்சரியில் அப்போது இருந்த ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு நாள் ஒரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் மறுபடி மறுபடி போய் நிற்க, அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளைக்கு ஒண்டுமில்லை. உமக்குத்தான் மருந்து தரவேணும் போல கிடக்கு." நான் வெட்கப்பட்டுத் திரும்பினேன். வாசல் வரைக்கும் வந்துவிட்டேன், பின்னாலிருந்து குரல் வந்தது. "எண்டாலும் நாளைக்கும் சந்தேகம் வந்தால் வாரும். வராமல் இருக்கிற ஆக்களை நினைச்சால்தான் எனக்குப் பயம்."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பல வருஷம் வேலை பார்த்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் நடந்தது. உங்கள் இடத்துக்கு இப்போது சிறுவர் நிலையம் என்று பெயர், சுவர் முழுக்க யானையும் மயிலும் வரைந்திருக்கிறார்கள். எங்களுக்கு அது பிள்ளைக்காம்பரா. தகரக் கூரை, நீளமாக ஒரே அறை, உத்தரத்திலிருந்து தொங்கும் சேலைத் தொட்டில்கள், முன்னால் ஒரு சிமெண்டு விறாந்தை. அதற்கு நேர் மேலே ஏழாம் நம்பர் மலை. கொழுந்து பறிக்கிற பெண்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்கும் முன்னால் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள்.

அப்படித்தான் சுமதி வந்தாள். கொஸ்லந்தைப் பக்கத்துப் பெண். புருஷன் கொழும்பில் கடை வேலைக்குப் போனவன், கொஞ்ச நாளில் சேதியே இல்லாமல் போய்விட்டான். கைக்குழந்தையோடு எங்கள் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அண்ணன் வீட்டிலோ, இருக்கிற ஆளே காலை நீட்டிப் படுக்க முடியாது. தோட்டத்து மேனேஜர் பெரிய துரை தங்கமானவர் இல்லை, மோசமானவரும் இல்லை. மாரியம்மன் தேர் வரைக்கும் ஒழுங்காக வேலைக்கு வரட்டும், கொழுந்து குறையாமல் இருந்தால் நிரந்தரமாகப் பெயர் பதிந்து கீழ் லயத்தில் காலியாகக் கிடக்கிற ஒற்றையறைக் காம்பராவைத் தருகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

குழந்தைக்குத் தர்ஷினி என்று பெயர். இன்னும் உட்காரக்கூடத் தெரியாத வயது. தொண்டை மட்டும் பெரிய மனுஷித் தொண்டை. ஆனால் பிரச்சினை அவள் தொண்டையில் இல்லை. என் பிள்ளைக்காம்பராவில் எந்தப் பிள்ளை அழுதாலும் சத்தம் நேரே ஏழாம் நம்பர் மலைக்கு ஏறும். மலையில் நிற்கிற சுமதிக்கு எல்லா அழுகையும் தர்ஷினி அழுகைதான். கூடையைத் தலையில் மாட்டியபடியே மேலிருந்து ஓடி வருவாள். வந்து பார்த்தால் தர்ஷினி தன் கால் பெருவிரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருப்பாள். அழுதது வேறொன்றாக இருக்கும். அசடு வழியச் சிரித்துவிட்டு மறுபடி மேலே ஏறுவாள். அதற்குள் மற்றவர்கள் தங்கள் செடி நிரையை முடித்து மேலே போயிருப்பார்கள். மத்தியானம் நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் கொழுந்தை நிறுத்தால் சுமதியுடையது குறையும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் வேலைக்கணக்குத்தான்.

அந்த மலைக்குக் கங்காணி ராமையா. முறுக்கு மீசை, அதைவிட முறுக்குப் பேச்சு. கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். அவர் கேட்டாராம்: "ஏம்மா, நீ கொழுந்து எடுக்க வந்தியா, இல்ல மலையேறிப் பழக வந்தியா?" எல்லாரும் சிரித்தார்கள். சுமதியும் சிரித்தாள். சாயங்காலம் என்னிடம் பிள்ளையை வாங்க வந்தபோதுதான் அழுதாள்.

இந்த நிலைமையில் அவள் அண்ணி ஒரு பேச்சை எடுத்தாள். அண்ணியின் உறவுக்காரப் பெண் சரோஜா தெமோதரையில் இருக்கிறாள். புருஷன் ரயில் பாதை வேலைக்காரர். கல்யாணமாகிப் பல வருஷம், பிள்ளை இல்லை. அவர்களிடம் கொடுத்தால் தர்ஷினி ராணி மாதிரி வளர்வாள், நீயும் நிம்மதியாக வேலை செய்து ஒரு காம்பராவைப் பிடித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது நன்றாகத் தெரிந்ததால்தான் சுமதியால் மறுத்துப் பேச முடியவில்லை. அரைப்பேராக விழுந்த ஒரு வாரத்தின் கடைசியில் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

தொட்டில் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள். "தேர் முடிஞ்ச மறுநாள் கூட்டிட்டுப் போயிருவாங்க ஆயம்மா. நல்ல எடமாம். பால்மாவுக்குப் பஞ்சம் இருக்காதாம்." சொல்லிக்கொண்டே முடிச்சைப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள். கொடுக்காதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? வீட்டுக்குப் போனேன், சோறு இறங்கவில்லை.

பயந்தவளுக்கு இன்னொரு பயந்தவளின் நோய் தெரியும், தங்கச்சிகளா. சுமதிக்குப் பிள்ளைமேல் ஆசை குறையவில்லை, உடம்பில் பாலும் குறையவில்லை. அங்கே மேலே நிற்கும்போது இங்கே கீழே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தத் தெரியாமைதான் அவளைத் தின்றது. என்னையும் அதுதான் ஆயுசு முழுக்கத் தின்றது. என் பயத்துக்கு நான் என்ன மருந்து கேட்டிருப்பேன் என்று யோசித்தேன். எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் கேட்டிருப்பேன்.

மறுநாள் காலையில் என் பழைய வெள்ளைச் சேலையில் ஒரு துண்டைக் கிழித்து, மூங்கில் கழியில் கட்டி, மலையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வாசலில் நட்டேன். சுமதி வந்ததும் பிடித்து நிறுத்திச் சொன்னேன். "இந்தா பாரு. இந்த வெள்ளத் துணி ஆடுற வரைக்கும் ஒம் புள்ள நல்லா இருக்கு. அழுக கேட்டா காத நம்பாத, துணியப் பாரு. நீ வரணும்னா நான் இத எறக்கிட்டுச் செவப்பக் கட்டுறேன். செவப்பப் பாத்தா மட்டும் வா."

சிவப்பு என்று நான் வைத்திருந்தது என் பழைய உள்பாவாடை. அதை அவளிடம் சொல்லவில்லை.

முதல் நாள் அவள் நம்பவில்லை. பாதி மலை இறங்கி, திருப்பத்தில் நின்று, துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் துணியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். அடுத்த நாள் அந்தத் திருப்பம் வரைக்கும் வரவில்லை. அதற்கடுத்த நாள் நிரையில் நின்றபடியே நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

ராமையா கங்காணி இதையெல்லாம் கவனிக்காத மாதிரி கவனித்திருக்கிறார். ஒரு காலை பெரட்டில் நிரை பிரிக்கும்போது, மலையின் விளிம்பில் பிள்ளைக்காம்பரா வாசல் பளிச்சென்று தெரிகிற நிரையைக் காட்டி, "அந்த நிரைக்கு ஆள் இல்ல, நீ போய் நில்லு" என்றாராம் சுமதியிடம். ஆள் இல்லாத நிரை அல்ல அது. அவருடைய பெண்டாட்டி பேச்சியம்மாவின் நிரை. நல்ல கொழுந்து விளைகிற நிரை வேறு. பேச்சியம்மா அன்று சாயங்காலம் அவரைத் திட்டியது லயம் முழுக்கக் கேட்டது. ஆனால் மறுநாள் அந்த நிரையைத் திருப்பிக் கேட்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. கொழுந்தை நிறுக்க மடுவத்துக்குப் போகிற வழியில், சுமதியைத் தாண்டிப் போகிற பெண்கள் ஒவ்வொருத்தியும் போகிற போக்கில் ஒரு பிடி கொழுந்தை அவள் கூடைக்குள் போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். பின்னால் தொங்குகிற கூடை, அவளுக்கு எப்படித் தெரியும்? தன் கை வேகம் கூடிவிட்டது என்றே நினைத்தாள். "இன்னைக்கும் முழுப்பேர் ஆயம்மா" என்று வந்து சொல்வாள். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அப்படியா, நல்லது என்பேன். கடைசியில் ஒரு நாள் யாரோ போட்ட பிடி தவறி அவள் கழுத்தில் விழ, திரும்பிப் பார்த்துவிட்டாள். பின்னால் நின்றது பேச்சியம்மா. "என்ன பாக்குற? எங் கூடை பாரமா இருக்கு, எறக்கி வெக்கிறேன். நடடி" என்றாளாம்.

கொஞ்ச நாளில் மற்றத் தாய்மாரும், எங்கள் பிள்ளைக்கும் சேர்த்துத்தானே ஆயம்மா அந்தத் துணி என்று கேட்க, ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கு அடுத்த பயம் வந்தது. ஒரு நாள் சிவப்பைக் கட்ட வேண்டி வந்தால் அது யார் பிள்ளைக்கு என்று எப்படித் தெரியும்? பேச்சியம்மாவிடம் கேட்டேன். கட்டுற மாதிரி ஆகக்கூடாதென்று அம்மனைக் கும்பிட்டுக்கொள் என்றாள். கும்பிட்டேன்.

ஆனால் தெமோதரைக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருந்தது. கொழுந்து குறையவில்லை, பெயர் பதிகிற மாதிரித்தான் இருக்கிறது, பிறகு ஏன் கொடுக்கிறாய் என்று ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். சுமதி பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "எல்லாரும் நல்லாத்தான் இருக்கீங்க ஆயம்மா. ஆனா இதெல்லாம் எத்தன நாளைக்கு? நாளைக்கே கங்காணி வேற நெரைக்குப் போன்னா போகணும். ஒங்களுக்குக் காய்ச்சல் வந்தா துணி யாரு கட்டுறது? மனுசங்க நல்லா இருக்குறத நம்பிப் புள்ளைய வளக்க முடியுமா?"

நானும் அப்படி நினைக்கிறவள்தானே.

தேருக்கு முந்தின நாள். அன்றைக்கும் வேலை உண்டு. காலையில் தெமோதரையிலிருந்து சரோஜாவும் புருஷனும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவர் சுமதியின் அண்ணனோடு லயத்துக்குப் போய்விட்டார். சரோஜா மட்டும், பிள்ளை கொஞ்சம் என் முகம் பழகட்டும் என்று பிள்ளைக்காம்பராவுக்கு வந்தாள். நல்ல உயரம். கையில் பால்மா டின், ஒரு கம்பளிக் குல்லா, ஒரு கிலுகிலுப்பை. வாங்குப் பலகையின் ஓரத்தில், யாரும் எழும்பச் சொன்னால் எழும்புவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், அவளிடம் ஏதாவது குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிடைக்கவில்லை. தர்ஷினியை மடியில் வாங்கி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டாள். பிள்ளையும் அழவில்லை. அவள் தாலிக்கொடியை இழுத்து விளையாடிவிட்டு, அப்படியே அவள் மடியில் தூங்கிப்போனது. சரோஜா அசையவே இல்லை. கால் மரத்துப்போயிருக்கும், மாற்றி வைக்கவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

நான் உள்ளே ஒரு வாண்டுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறப்பதும் துப்புவதுமாக அது என்னைப் படுத்திக்கொண்டிருந்தது. வெளியே ஏணி சாய்க்கிற சத்தம், ஆணி அடிக்கிற சத்தம். தேர் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று பிள்ளைகளுக்குத் திருநீறு கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அதற்காகக் கோயில் ஆட்கள் வாசலை அலங்கரிக்க வந்திருக்கிறார்கள், ராமையா கங்காணிதான் அனுப்பியிருப்பார் என்று தெரிந்தது. பிள்ளைகள் தூங்குகிறது, மெதுவாக அடியுங்கள் என்று உள்ளிருந்தே சத்தம் போட்டேன். சரி ஆயம்மா என்றார்கள். அடித்து முடித்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் செய்தது இதுதான். கழி இடைஞ்சலாக இருக்கிறதென்று என் வெள்ளைத் துணியைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, கூரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அம்மனுக்கான புதுத் துணியைத் தோரணமாகக் கட்டியிருந்தார்கள். முழு நீளத்துக்கும் ரத்தச் சிவப்பு.

முதலில் எனக்கு மழை வருகிறது என்றுதான் தோன்றியது. மேலிருந்து சரசரவென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் ஏழாம் நம்பர் மலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆட்கள் இறங்கி ஓடி வருகிறார்கள். கூடையோடு சிலர், கூடையில்லாமல் சிலர். பேச்சியம்மா தன் கனத்த உடம்போடு உட்கார்ந்து சறுக்கிக்கொண்டே வருகிறாள். எல்லாருக்கும் முன்னால் சுமதி.

கத்திக்கொண்டு வெளியே ஓட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் பழக்கதோஷம், கண் முதலில் பிள்ளைகளைத்தான் எண்ணியது. எல்லாம் இருந்தது. எல்லாம் நன்றாகவும் இருந்தது. அப்புறம்தான் வாசல் நிலைக்கு மேலே தொங்குகிற சிவப்பு முனை கண்ணில் பட்டது.

இந்த இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நான் கத்தியிருக்கலாம். ஓடி வருகிற தாய்க்கு அது கேட்காது. கேட்டாலும், ஏதோ நடந்துவிட்டதால்தான் ஒன்றுமில்லை என்கிறாள் என்று நினைப்பாள். சரிவில் கால் இடறி யாராவது விழுந்தால் அதுதான் உண்மையான ஆபத்து. சரோஜாவிடம் சொன்னேன்: "பிள்ளைங்கள வெளிய கொண்டாங்க. எல்லாத்தையும். அவங்க கண்ணுக்குத் தெரியணும்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. உட்காரத் தெரிந்ததுகளை விறாந்தைப் படியில் வரிசையாக உட்கார வைத்தோம். நிற்கிறதுகளை முன்னால் நிறுத்தினோம். தொட்டிலில் கிடந்ததுகளை ஒவ்வொன்றாக நான் தூக்கிக் காட்டினேன். சரோஜா தர்ஷினியை இரண்டு கையாலும் தன் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். தூக்கம் கலைந்த பிள்ளை அந்த உயரத்திலிருந்து உலகத்தைப் பார்த்துச் சிரித்தது.

மலையில் ஒவ்வொருத்தியாக வேகத்தைக் குறைத்தார்கள். தன் பிள்ளையைக் கண்டவள் அங்கேயே நின்றாள். ஒருத்தி தேயிலைச் செடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுமதி மட்டும் நிற்கவில்லை. பிள்ளையைப் பார்த்த பிறகுதான் இன்னும் வேகமாக ஓடி வந்தாள். முழங்கால் சிராய்த்து ரத்தம், கூடை எங்கே போனதென்று தெரியாது. வந்து சரோஜாவின் கையிலிருந்து பிள்ளையைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா சின்னத்துரையின் மோட்டார் சைக்கிள் வர வேண்டும்? பெரிய துரைக்கு உதவியாகப் புதிதாக வந்த சிங்களப் பையன், தமிழ் அரைகுறை. மலை காலியாகக் கிடக்கிறது, வேலைக்காரர் எல்லாரும் பிள்ளைக்காம்பரா வாசலில். "என்ன இது? யாரு வேல நிப்பாட்டினது? யாரு மொதல்ல வந்தது?" என்று கேட்டார்.

யார் முதலில் வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். முழங்காலில் ரத்தத்தோடு படியில் உட்கார்ந்திருக்கிறாளே. அந்தப் பெயரைச் சொன்னால் காம்பரா போச்சு, பதிகிற பெயரும் போச்சு.

மூச்சு வாங்க அப்போதுதான் ராமையா கங்காணி கீழே வந்து சேர்ந்தார். கூரையைப் பார்த்தார். தான் கட்டச் சொன்ன தோரணம். சாய்ந்து கிடந்த என் வெள்ளைத் துணியைப் பார்த்தார். சுமதியைப் பார்த்தார். மீசையை ஒரு தடவை தடவிவிட்டுச் சொன்னார்: "கொளவிங்க ஐயா. ஏழாம் நம்பர்ல கொளவி கலைஞ்சிருச்சு."

மலையில் குளவி கலைந்தால் துரை பார்ப்பதில்லை, கங்காணி பார்ப்பதில்லை, எல்லாரும் ஓட வேண்டியதுதான், அது தோட்டத்துச் சட்டம். பேச்சியம்மாதான் முதலில் சுதாரித்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையை மூடிக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சாக்கையும் முந்தானையையும் இழுத்து மூடிக்கொண்டார்கள். ஒருத்தி இல்லாத குளவியைக் கையால் விரட்டினாள்.

சின்னத்துரையின் கை தானாகக் கழுத்துப் பித்தானைப் போட்டது. "இங்கயும் வருமா?" என்றார்.

"வந்தாலும் வருங்க. மோட்டார் சைக்கிள் சத்தம்னா அதுகளுக்கு ஆகாதுங்க" என்றார் கங்காணி.

சின்னத்துரை வண்டியை ஸ்டார்ட் பண்ணவே இல்லை. உருட்டிக்கொண்டே போனார். போகிற போக்கில், இன்றைக்கு ஏழாம் நம்பர் மலைக்கு யாரும் போகக்கூடாது, எல்லாருக்கும் முழுப்பேர், சாயங்காலம் கூட்டைக் காட்டினால் ஆள் அனுப்பிக் கொளுத்துகிறேன் என்று உத்தரவு வேறு. அவர் பாதைத் திருப்பம் தாண்டும் வரைக்கும் சாக்குக்குள்ளே அடக்கி வைத்திருந்த சிரிப்பு, அதற்குப் பிறகு வெடித்தது. பேச்சியம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "நாப்பது வருசத்துல இன்னைக்குத்தான்யா நீ ஒரு நல்ல பொய் சொல்லியிருக்க" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள். கங்காணிக்கோ, சாயங்காலத்துக்குள் எங்கே போய் ஒரு கூட்டைக் கண்டுபிடிப்பது என்ற கவலை வந்துவிட்டது.

சிரிக்காமல் இருந்தது சரோஜா மட்டும்தான். அவள் சுமதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமயிரில் தேயிலைத் தூசு, முந்தானைக்குள் பிள்ளை பால் குடிக்கிற சத்தம். என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள். "ஆயம்மா, இந்தப் புள்ள தூங்கிட்டுத்தான இருந்துச்சு?"

"ஆமா, ஒங்க மடியிலதான்."

"ஒன்னும் நடக்கல இல்ல?"

"ஒன்னும் நடக்கல."

பிறகு போய்ச் சுமதி பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "ஒரு துணியப் பாத்துட்டு நீ இந்த ஓட்டம் ஓடுற. நான் தூக்கிட்டுப் போனா தெமோதரைக்கும் இப்படித்தான் ஓடி வருவ. வழியெல்லாம் மேடு பள்ளம், காலு போயிரும்" என்றாள்.

சுமதி தலையைக் குனிந்தபடியே இருந்தாள். "வாக்குக் குடுத்துட்டேனே அக்கா."

"குடுத்தத நான் திருப்பித் தாரேன், வெச்சுக்க. நீ ஓடி வந்தது சரி. ஒம்பின்னால இத்தன பேரு ஓடி வந்தாங்க. ஒனக்காக ஒரு மனுசன் கோயில் துணிக்குக் கீழ நின்னுக்கிட்டுப் பொய் சொல்றாரு. இத விட்டுட்டு இந்தப் புள்ள எங்க வந்து நல்லா வளரப்போகுது?"

சுமதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்ட கேள்விக்கு எனக்கு அப்போதும் பதில் தெரியாது. ஆனால் அவள் அதை மறுபடி கேட்கவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் கேட்கவில்லை.

மறுநாள் தேர். கங்காணி சாயங்காலம் முழுக்க அலைந்து பக்கத்து மலையில் நிஜமாகவே ஒரு குளவிக் கூட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். குளவியும் அவரைக் கண்டுபிடித்திருக்கிறது. மீசையின் ஒரு பக்கம் தெரியாத அளவுக்கு வீங்கின முகத்தோடு தேருக்கு முன்னால் நடந்தார். பொய் சொன்னதற்கு அம்மன் கையோடு கூலி கொடுத்துவிட்டாள் என்று அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். தர்ஷினியைத் தேர் முடியும் வரைக்கும் சரோஜாதான் தூக்கி வந்தாள். குல்லாவும் அவள் வாங்கி வந்ததுதான். கை சும்மா இருந்த சுமதி, பல மாதத்துக்குப் பிறகு பெண்களோடு சேர்ந்து கும்மியடித்தாள்.

எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் மட்டும் என் வழக்கப்படி சரோஜாவை நினைத்துக் கவலைப்பட்டேன். மடி நிறைய வாங்கிக்கொண்டு போக வந்தவள் வெறுங்கையோடு பஸ் ஏறுகிறாளே. டிஸ்பென்சர் ஐயாவிடம் ஓடினேன். வழக்கம்போல் பிள்ளையைக் கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தவர், வெறுங்கையோடு வந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக்காம்பராவுக்கு ஆள் தேடுவதாகச் சொன்னார். பஸ் புறப்படும் முன்னால் போய் ஜன்னல் வழியாகச் சரோஜாவிடம் அதைச் சொன்னேன்.

"எனக்கு என்ன தெரியும் ஆயம்மா, நான் புள்ள வளத்தவளா?" என்றாள்.

"ஏன்னு கேக்காம எல்லாத்தையும் வெளிய கொண்டாந்தீங்களே, அது போதும்" என்றேன்.

பஸ் போய்விட்டது.

சுமதிக்குப் பெயர் பதிந்தார்கள், கீழ் லயத்துக் காம்பராவும் கிடைத்தது. அவள் புருஷன் இரண்டு தீபாவளி கழித்து ஒரு நாள் திரும்பி வந்தான். பேச்சியம்மாவிடம் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். சிவப்புத் துணியை நான் ஒரு நாளும் கட்டவில்லை. யார் பிள்ளை என்று தெரிவதற்கு ஒவ்வொரு தாய்க்கும் ஒரு நிறத் துணி வைத்துக்கொண்டேன், பயந்தவள் அல்லவா.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு தடவை, எல்லாத் தோட்டத்து ஆயம்மாக்களையும் பயிற்சிக்கென்று பதுளைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுக்கச் சொன்னார்கள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் உயரமான ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். சேலைத் தோள்பட்டையில் பிள்ளை கக்கின பால் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. முகத்தைப் பார்த்தேன். சரோஜா.

நலம் விசாரிக்கக்கூட அவள் நேரம் தரவில்லை. வந்து உட்கார்ந்ததிலிருந்து தன் பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளைப் பற்றி ஒரே முறைப்பாடு. ஒன்று தூங்காதாம், ஒன்று மண்ணைத் தின்னுமாம், ஒன்று இவள் வீட்டுக்குப் புறப்பட்டால் சேலையைப் பிடித்துக்கொண்டு விடாதாம். மேடையில் இருந்தவர் எங்களைப் பார்த்து முறைத்தார். சரோஜா குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரவிக்கைக் கையை மேலே தூக்கி எனக்குக் காட்டினாள். குட்டிக் குட்டிப் பற்கள் பதிந்த தடம், புதிது ஒன்று, ஆறினது ஒன்று.

"ஒன்னு இருக்கு ஆயம்மா, கடிக்குது" என்றாள். புது வளையலைக் காட்டுகிறவள் மாதிரி கையை நீட்டியபடியே வைத்திருந்தாள்.